டிராவலர் மேப்: ஒரு கட்டம் என்றால் ஒரு பார்செக்

1977-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டிராவலர்' என்னும் பாத்திரமேற்று விளையாட்டின் மூன்றாம் இம்பீரியம் என்ற கற்பனை விண்மீன் பேரரசையும் அதைச் சூழ்ந்த விண்வெளியையும் இணையத்தில் இலவசமாக விரித்துக் காட்டும் சேவைதான் 'டிராவலர் மேப்'. நண்பர்களுக்கு இந்த விளையாட்டை நடத்தும் நாட்களில் என் மடிக்கணினியில் இது திறந்தே இருக்கும். கற்பனைப் பேரரசு ஒன்றின் தூர அலகை இவ்வளவு தெளிவாக உணர்த்தும் வேறொரு கருவியை நான் கையாண்டதில்லை.

அந்த அலகு பார்செக். நம் பாடநூல்களில் விண்ணியல் ஆரம் என்று படித்தது. 3.26 ஒளி ஆண்டு, கிலோமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 31 லட்சம் கோடி. இந்த வரைபடத்தில் அறுகோணக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு பார்செக் அகலம். அகலவாக்கில் 32 கட்டமும் உயரவாக்கில் 40 கட்டமும் சேர்ந்தது ஒரு செக்டர். ஸ்பின்வார்ட் மார்ச்சஸ் செக்டரில் ரெஜினா என்ற உலகைப் பெரிதாக்கிப் பார்த்தால் 1910 என்ற எண் தெரியும். முதல் இரண்டு இலக்கங்கள் நெடுவரிசையையும் அடுத்த இரண்டும் கிடைவரிசையையும் குறிக்கின்றன. ஒட்டினாற்போல் 1909-இல் ஹெஃப்ரியும் 1810-இல் ஜெங்கியும் இருக்கின்றன. ஜம்ப்-1 இயந்திரம், அதாவது ஒரு தாவலில் ஒரு பார்செக் கடக்கும் இயந்திரம், பூட்டிய 200 டன் வணிகக் கப்பல் ஒரே தாவலில் அங்கே போய்விடும். நடுவே ஒரு கட்டம் விட்டு 2110-இல் இருக்கும் யோரிக்கு ஒரே தாவலில் போக ஜம்ப்-2 வேண்டும். எரிபொருளும் இரட்டிப்பு, அதாவது கப்பலின் கொள்ளளவில் பத்தில் இரண்டு பங்கு.

எத்தனை பார்செக் தாவினாலும் ஒரு தாவலுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பது விளையாட்டின் அடிப்படை விதி. எனவே இந்தப் பேரரசில் தூரத்தைக் கேட்டால் வாரத்தில்தான் விடை வரும். ரெஜினாவிலிருந்து தலைநகருக்குக் கட்டங்களை எண்ணினால் 130 வருகிறது. ஒளியை விட வேகமாகச் செய்தி அனுப்பும் கருவி எதுவும் இல்லாத அந்த உலகில், ஜம்ப்-4 திறன் கொண்ட எக்ஸ்-போட் என்னும் அஞ்சல் கப்பல்கள் எங்கும் தாமதிக்காமல் கைமாற்றிக் கொடுத்தாலும் ஒரு மனு பேரரசரிடம் போய்ச் சேர 33 வாரம், பதில் திரும்பி வர மேலும் 33 வாரம். எல்லைப்புற ஆளுநர்களுக்கு ஏன் இவ்வளவு அதிகாரம் தரப்பட்டிருக்கிறது என்று விதிநூலைப் படித்தபோது எனக்குப் பிடிபடவில்லை. திரையில் அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்த மாலையில்தான் விளங்கியது. கப்பலின் ஜம்ப் திறனைக் கொடுத்தால் வழியைக் கணித்துத் தரும் வசதியும் உண்டு. ஜம்ப்-1 என்று கொடுக்கும்போது வழி வளைந்து நெளிந்து போவதையும், ஜம்ப்-4 என்றதும் அதே பயணம் நிமிர்ந்துவிடுவதையும் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதலில் காட்டுகிறேன்.

குறை என்றால், வானம் தட்டையாக இருப்பது. இது வரைபடத்தை உருவாக்கியவரின் தவறன்று; விளையாட்டே அப்படித்தான் அமைந்தது. பூமிக்கு அடுத்த கட்டத்தில் இருக்கும் ப்ரொமீதியஸ், நாம் அறிந்த ஆல்ஃபா சென்டாரி. அதன் மெய்யான தூரமான 1.34 பார்செக் இங்கே ஒன்றாகிவிடுகிறது. தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இருக்க வேண்டிய விண்மீன்கள் எல்லாம் ஒரே தாளில் அமுங்கிக் கிடப்பது, இரவில் வானம் பார்க்கும் பழக்கமுள்ள எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆனால் பார்செக்கையே அலகாக வைத்துக்கொண்டது மிகப் பொருத்தம் என்பேன். சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான சராசரித் தூரம் எங்கிருந்து பார்த்தால் ஒரு வில்நொடிக் கோணமாக, அதாவது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்காக, தெரியுமோ, அந்தத் தொலைவே ஒரு பார்செக். தலைநகரோ பூமியிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. அந்தப் பேரரசு தன் ஆண்டுக் கணக்கைத் தொடங்குவது நமது கி.பி. 4521-இல். அப்படியிருந்தும் அதன் ஒவ்வொரு கட்டத்திலும் பூமியின் சுற்றுப்பாதை பதிந்திருக்கிறது.

அச்சிட விரும்புவோருக்குச் சுவரொட்டி எடுக்கும் வசதி இருக்கிறது. முழு செக்டரை ஏ4 தாளில் எடுத்தால் எண்கள் பொடியாகிவிடும். 8-க்கு 10 கட்டங்கள் கொண்ட துணைச்செக்டரை மட்டும் எடுத்தால், மேசையில் விரித்துப் பென்சிலால் வழி குறிக்கலாம்.