திருப்பாதிரிப்புலியூரில் அப்பர் புராணச் சொற்பொழிவு: இரண்டு நாள் அருமை, மூன்றாம் நாள் அவசரம்

ஒரு சொற்பொழிவாளர், ஓர் ஓதுவார், மிருதங்கம், ஹார்மோனியம். மூன்று மாலை, நாளுக்கு இரண்டு மணி நேரம். அப்பர் கரையேறிய ஊரிலேயே அப்பர் கதை சொல்வது லேசில்லை. முன்வரிசையில் பலருக்குப் பதிகம் மனப்பாடம்.

அப்பர் சமணம் விட்டுச் சைவத்துக்குத் திரும்பியதற்காக அவரைத் தண்டித்த பல்லவ மன்னனை வெறும் வில்லனாக விடாததே இவர்களின் பலம். ஏழு நாள் நீற்றறை (சுண்ணாம்புக் காளவாய்), நஞ்சு கலந்த பாலடிசில், மதயானை, கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியது. நான்கையும் அடியாருக்கு வந்த சோதனை என்று சொல்வதுதான் வழக்கம். இந்தச் சொற்பொழிவாளரோ திருந்துவதற்கு அரசனுக்குக் கொடுத்த தவணை என்கிறார். திருவதிகைச் சிவனான அதிகை வீரட்டர் சிரித்தே முப்புரம் எரித்தவர். ஒரு மன்னனை எரிக்க அவருக்கு எவ்வளவு நேரம்? எரிக்கவில்லை. அவனோ ஒவ்வொரு தடவையும் பக்கத்திலிருப்பவர்களைத்தான் யோசனை கேட்கிறான்.

ஓதுவார் 'மாசில் வீணையும்' பாடும்போது மிருதங்கத்தை நிறுத்திவிட்டது சரியான முடிவு. 'சொற்றுணை வேதியன்' காந்தாரபஞ்சமப் பண்ணில், அதாவது கேதாரகௌளை ராகமாக, சுத்தம்.

கோளாறு மூன்றாம் நாள். 'ஈன்றாளுமாய்' விருத்தத்தை ராகமாலிகையாக இழுத்து, அப்பர் மேல் பக்தி கொண்ட அப்பூதியடிகளின் கதையையும் நுழைத்ததில், அரசன் மனம் மாறும் இடத்துக்கு ஐந்தே நிமிடம். இத்தனை தவணை கொடுத்து வாங்கிய மாற்றம் அது! பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்துக் கொண்டுவந்து, திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலை எடுத்தான் என்கிறார் சேக்கிழார். கைதட்டலோடு கடந்துவிட்டார்கள். அடுத்தவர் பள்ளியை இடித்தவனிடம் செருக்கு முழுக்கப் போயிற்றா என்று அங்கே நின்று கேட்டிருக்க வேண்டும். இந்தப் பல்லவனாகக் கருதப்படும் குணபரன் என்ற மகேந்திரவர்மன் மாற்று வழியிலிருந்து லிங்கத்தின் பக்கம் திரும்பியதைச் சொல்லும் திருச்சி மலைக்கோட்டைக் கல்வெட்டை எடுத்தது நல்லது. அதில் அப்பர் பெயர் இல்லை என்பதையும் சேர்த்திருக்கலாம்.

இந்தக் குழுவைக் கூப்பிடுகிறவர்கள் அப்பூதியடிகள் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கோயிலில் சாயரட்சை (மாலைப் பூசை) முடிந்த பிறகே தொடங்குங்கள். இல்லாவிட்டால் மணியோசை பதிகத்தை விழுங்கிவிடும். கருங்கல் மண்டபமென்றால் முன்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர் வைக்காதீர்கள், சொல் எல்லாம் குழம்பும். நடுவரிசைகளில் சின்னதாக நான்கு போதும். ஓதுவார் மைக்கில் எக்கோ வேண்டவே வேண்டாம். சித்திரை அனுஷத்தையொட்டி, கரையேறிய விழா சமயத்தில் தேதி கிடைப்பது கஷ்டம். தை மாதமே பேசி வையுங்கள்.