தனி கராஜுக்கு சூடு: ஓசி ஃபர்னஸா, தொங்குற ஹீட்டரா, மினி ஸ்ப்ளிட்டா?

மினசோட்டால நம்ம வீடு, கராஜ் தனியா 40 அடி தள்ளி நிக்குது, 24க்கு 24, அதுல சனிக்கிழமை ஆனா மரவேலை பண்றது என் பைத்தியம். ஜனவரில மரப்பசை பாட்டிலைத் திறந்தா திரிஞ்ச பால் மாதிரி கட்டி கட்டியா வரும், அப்புறம் அது எதையும் ஒட்டாது.

சரி சூடு வைக்கலாம்னு பேச்செடுத்தா, தன் வீட்டு கேஸ் ஃபர்னஸை (வீடு முழுக்க சூடான காத்தை அனுப்புற மிஷின்) மாத்தின நண்பர் பழசை "சும்மா எடுத்துட்டுப் போங்க பாஸ்"னாரு. ஓசின்னா யாருக்குத்தான் கை அரிக்காது? நல்லவேளை எடுக்கல. வீட்டு ஃபர்னஸ் உள்ள இழுக்கிற காத்து 60 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் இருக்கும்னு நம்பித்தான் செய்யிறாங்க. கராஜ்ல 20 டிகிரி காத்து போனா புகைல இருக்கிற நீராவி ஹீட் எக்ஸ்சேஞ்சர்லயே (தீயோட சூட்டைக் காத்துக்கு மாத்துற உலோகப் பெட்டி) வேர்க்கும், எரியிற கேஸ்ல 80 சதவீதத்தை சூடா குடுக்கிற மாடலுக்கு அதைத் தாங்குற உடம்பு கிடையாது. தெரிஞ்சவர் ஒருத்தர் இப்படித்தான் மாட்டியிருந்தாரு, பர்னர் மூடியைக் கழட்டினா துரு அப்பளம் மாதிரி உதிருது. 90 சதவீதத்துக்கு மேல குடுக்கிற மாடல் வேர்வையைத் தாங்கும், ஆனா அந்தத் தண்ணி வெளிய போற டிரெயின் உறைஞ்சுட்டா மிஷின் ஸ்டார்ட்டே ஆகாது, அதனால குளிர்காலம் பூரா கராஜை உறையாம வச்சுக்கணும். போதாததுக்கு தரையில இடத்தையும் அடைச்சுக்கும்.

கராஜுக்குன்னே செய்யிற கேஸ் யூனிட் ஹீட்டர் (மோடைன் கம்பெனிக்காரன் தன்னோடதுக்கு ஹாட் டாக்னு பேர் வச்சிருக்கான், என்ன ரசனையோ) கூரைல தொங்கும். பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையோட தவழும், அதனாலதான் நெருப்பு தரையிலிருந்து 18 இஞ்ச் மேல இருக்கணும்னு விதி, தொங்குறதுக்கு அந்தக் கவலையே இல்ல. எரியிற காத்தை வெளிலேர்ந்து குழாய் வழியா எடுத்துக்கிற மாடலா வாங்குங்க, மரத்தூளும் தின்னர் வாசனையும் தீக்கிட்ட போகாது. என் கராஜ் சைஸுக்கு மணிக்கு 45,000 பிடியு (சூட்டை அளக்கிற அலகு) போதும்.

செலவு ஹீட்டர்ல இல்லைங்க, வீட்டுலேர்ந்து கராஜுக்கு கேஸ் பைப் புதைக்கத் தோண்டுற பள்ளத்துல இருக்கு. மஞ்சள் பிளாஸ்டிக் கேஸ் பைப், பின்னாடி தேடிக் கண்டுபிடிக்க அது கூடவே ஒரு ஒயர், ரெண்டு முனையிலயும் ரைசர் (மண்ணுலேர்ந்து மேல ஏர்ற குழாய்), பெர்மிட், பிரஷர் டெஸ்ட், தோண்டறதுக்கு முன்னாடி, மண்ணுக்குள்ள ஏற்கெனவே எந்த லைன் போகுதுன்னு குறிச்சுக் குடுக்கிற 811க்கு ஒரு போன். இருக்கிற மீட்டர் கூடுதல் லோடை தாங்குமான்னும் கேட்டுக்கணும். இதெல்லாம் நவம்பருக்குள்ள முடியணும், அப்புறம் மண்ணு கான்கிரீட்தான்.

மினி ஸ்ப்ளிட்டுக்கு (சூடும் குடுக்கிற ஸ்ப்ளிட் ஏசி) கேஸ் பள்ளம் வேணாம், வெயில் காலத்துல ஏசியும் ஆச்சு. ஆனா கராஜுக்கு ஒத்தை 20 ஆம்ப் லைன்தான் போயிருக்குன்னா கரண்டுக்கு தோண்டித்தான் ஆகணும். மைனஸ்ல போகப் போக அதோட சக்தி குறையும், நம்ம மரத்தூள் வேற ஃபில்டரை அடைக்கும். தினமும் உள்ள உக்கார்றவங்களுக்கு இது சரி, சனிக்கிழமை மட்டும் போய் சட்டுனு சூடு கேக்கிற ஆளுக்கு கேஸ்தான்.

5 கிலோவாட் கரண்ட் ஹீட்டர் வாங்க சல்லிசு. 17,000 பிடியுதான் வரும், 240 வோல்ட்ல 30 ஆம்ப் லைன் வேணும். கேஸ் ஒரு தெர்ம் (1 லட்சம் பிடியு) 1 டாலர், கரண்ட் யூனிட் 15 சென்ட்னு வச்சா, 80 சதவீத கேஸ் ஹீட்டர் 1 டாலருக்கு குடுக்கிற சூட்டுக்கு இதுல 3.50 ஆகும்.

புகைக்குழாய் இல்லாத புரொபேன் ஹீட்டர்? வேணவே வேணாம். கார்பன் மோனாக்சைடு ஒரு பக்கம், ஒரு காலன் எரிச்சா முக்கால் காலனுக்கு மேல தண்ணி ஆவியா வந்து டேபிள் சா (மரம் அறுக்கிற மேஜை ரம்பம்) மேல உக்காரும்.

நான் செப்டம்பர்ல பள்ளம் தோண்டி தொங்குறதைத்தான் மாட்டினேன், ஆள் இல்லாதப்ப 45 டிகிரில விடுறேன். அதுக்கு முன்னாடியே கராஜ் கதவுக்கு இன்சுலேஷன் போட்டு அடியில ரப்பரும் மாத்திட்டேன், இல்லேன்னா தெருவுக்கு சூடு போட்டுட்டு இருந்திருப்பேன்.