புதுப்பேட்டையில் ஒரு பழைய 390 எஞ்சின்: பந்தயக் கார் கட்டுபவரின் மதிப்பீடு

சென்னையில் எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே, கூவத்தை ஒட்டியிருக்கும் புதுப்பேட்டைச் சந்தையில், ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றுக்காகப் பழைய கேடிஎம் டியூக் 390 பைக்கின் எஞ்சினை அண்மையில் வாங்கினோம். கோவை செட்டிபாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடைபெறும், மாணவர்கள் கட்டிய கார்களுக்கான ஃபார்முலா பாரத் போட்டியை மனத்தில் வைத்து, கல்லூரி மாணவர்கள் தங்கள் பட்டறையிலேயே கட்டிவரும் கார் அது. முன்பு அதே அணியில் இருந்தவன் என்ற முறையில் எஞ்சின் தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது. புதுப்பேட்டையைப் பற்றி "எது கேட்டாலும் கிடைக்கும்" என்று ஒரு சாராரும், "போனால் தலையில் கட்டிவிடுவார்கள்" என்று இன்னொரு சாராரும் சொல்வது வழக்கம். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எஞ்சின் அங்கே தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் கார் கட்டுபவருக்கு வேண்டியது எஞ்சினும் அதைச் சார்ந்த மின்சாமான்களும் சேர்ந்த முழுத் தொகுப்பு. அது ஒரே வண்டியிலிருந்து, உரிய காகிதத்தோடு கிடைக்கிறதா என்பதை வைத்தே இந்தச் சந்தையை நான் மதிப்பிடுகிறேன்.

முதலில், ஏன் இந்த எஞ்சின் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போட்டி விதிகளின்படி எஞ்சினின் கொள்ளளவு 710 சிசியைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் எஞ்சினாக இருந்தால், உள்ளே போகும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை வழியாகச் செல்ல வேண்டும். வெளிநாட்டு அணிகள் பல 600 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின்களை விரும்புகின்றன. நம் ஊரில் அத்தகைய வண்டிகளே அரிது. கிடைத்தாலும், கசிவைத் தடுக்கும் ஒரு கேஸ்கெட் தேவைப்பட்டால்கூட வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ராயல் என்ஃபீல்டின் 648 சிசி இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் விதிக்குள் அடங்குகிறது, 47 குதிரைத்திறனும் தருகிறது. ஆனால் சிறிய காருக்கு அதன் எடை ஒரு சுமை. 2023-இல் புதிய மாடல் வரும் வரை இருந்த டியூக் 390-இன் எஞ்சின் 373 சிசி, 89 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 60 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட ஒற்றைச் சிலிண்டர். ஏறத்தாழ 43 குதிரைத்திறன் தரும் அது 36 கிலோ அளவே எடை கொண்டது. 2013 முதல் பல ஆண்டுகள் புனே அருகே சாக்கனில் உள்ள பஜாஜ் ஆலையில் தயாரானதால் உதிரி பாகங்களுக்குப் பஞ்சமில்லை. இளைஞர்கள் வேகமாக ஓட்டும் வண்டி என்பதால் விபத்துக்குப் பின் பிரிக்கப்படும் வண்டிகளுக்கும் பஞ்சமில்லை என்பது வருத்தத்துக்குரியது என்றாலும், சந்தையில் இத்தனை எஞ்சின்கள் கிடப்பதற்கு அதுவே காரணம்.

எந்த ஆண்டு எஞ்சின் என்பது விலையை விட முக்கியமானது. 2016 வரை வந்த டியூக்கில் ஆக்சிலரேட்டர் கேபிள், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் துராட்டில் பாடிக்கு நேராகப் போகும். 2017 மாடலிலிருந்து அது மின்னணு முறைக்கு மாறிவிட்டது. கார் பந்தய விதிகள் மின்னணுத் துராட்டிலை அனுமதித்தாலும், அதற்கென இரட்டைச் சென்சார், பழுது ஏற்பட்டால் தானாக மூடிக்கொள்ளும் ஏற்பாடு, அவற்றை விளக்கும் ஆவணங்கள் எனத் தனியாக ஒரு பெரிய வேலை சேர்ந்துவிடுகிறது. புதிய அணிக்கு அது தேவையற்ற தலைவலி. கடைக்காரர்கள் பெரும்பாலும் "390" என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் காட்டுவார்கள். புதிய மாடல் என்றால் விலையும் கூட்டிச் சொல்வார்கள். நமக்கோ பழையதுதான் வேண்டும். பேரத்தில் இது நமக்குச் சாதகமான இடம் என்பதால், எதற்காக எஞ்சின் தேடுகிறோம் என்பதை முதலிலேயே விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

சந்தையின் அமைப்பு பழக்கப்படாதவருக்குக் குழப்பமாகத் தோன்றும். கடைகள் மிகச் சிறியவை. வாசலில் சைலன்சர்களும் அலாய் வீல்களும் தொங்கும், எஞ்சின்கள் உள்ளே பழைய டயரின் மேல் அடுக்கியிருக்கும், எண்ணெய் படிந்த தரையில் கால் வைக்க இடம் இராது. ஒரு கடையில் பொருள் இல்லையென்றால் "இல்லை" என்ற சொல் வருவதில்லை. பையன் ஒருவன் ஓடிப்போய் இன்னொரு கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வருவான், அதற்கான தரகும் விலையில் ஏறிவிடும். ஆகவே, வண்டிகளைத் தாங்களே பிரிக்கும் கடையைத் தேடிப் பிடிப்பது நல்லது. அத்தகைய கடையில் அதே வண்டியின் ஃப்ரேம், மீட்டர், ரேடியேட்டர் ஆகியவை பக்கத்திலேயே கிடக்கும். நாங்கள் வாங்கிய கடை அப்படிப்பட்டது. உரிமையாளர் பொறுமையானவர், எஞ்சினைச் சோதிக்க வேண்டும் என்றபோது முகம் சுளிக்கவில்லை.

சோதனை என்றால் ஸ்டார்ட் செய்து பார்ப்பது என்று நினைத்துப் போகக் கூடாது. வண்டியிலிருந்து இறக்கிய எஞ்சினை அங்கே ஓட்டிக்காட்ட வழியில்லை. "நேத்துதான் இறக்கினோம் தம்பி, சும்மா கிழி கிழின்னு ஓடின வண்டி" என்பதற்கு எந்த மதிப்பும் கிடையாது. நான் முதலில் பார்ப்பது எஞ்சின் உறையின் மவுண்ட் துளைகளை. விழுந்த வண்டியில் கவர் உரசியிருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை, இரண்டு பக்கக் கவர்களையும் மாற்றிவிடலாம். ஆனால் மவுண்ட் காதில் மயிரிழை விரிசல் இருந்தால் அந்த எஞ்சின் பந்தயக் காருக்கு உதவாது. துணியில் பெட்ரோல் நனைத்துத் துடைத்துவிட்டு, கைபேசி வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்தால் விரிசல் கோடாகத் தெரியும். அடுத்து, ஆயில் டிரெயின் போல்ட்டைக் கழற்றி, வழியும் எண்ணெயை வெள்ளைத் துணியில் பிடிக்க வேண்டும். பால் கலந்த தேநீர் நிறம் இருந்தால் கூலன்ட் உள்ளே இறங்கியிருக்கிறது. மினுமினுக்கும் துகள்கள் இருந்தால் தாங்கிகளோ கியர்களோ தேய்ந்திருக்கின்றன. கிராங்கைக் கையால் சுற்றிக்கொண்டே ஆறு கியர்களையும் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும்.

கம்ப்ரஷன் மீட்டரை மாட்டிப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். இந்த எஞ்சினின் எக்ஸாஸ்ட் கேம் தண்டில், ஸ்டார்ட் செய்யும் வேகத்தில் வால்வைச் சற்றே திறந்து வைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதனால் நல்ல எஞ்சினும் மீட்டரில் குறைவாகவே காட்டும். கசிவுச் சோதனைதான் நம்பகமானது. பிஸ்டனை மேல்நிலையில் நிறுத்தி, கிராங்க் சுழலாமல் பிடித்துக்கொண்டு, ஸ்பார்க் பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்திக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பக்கத்துப் பஞ்சர் கடையின் கம்ப்ரஸர் எங்களுக்குக் கைகொடுத்தது. பிளக் துளையில் பொருத்தும் இணைப்பை மட்டும் ஊரிலிருந்தே செய்துகொண்டு போயிருந்தோம். ஆயில் ஊற்றும் வாயில் காற்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, எக்ஸாஸ்ட் துவாரத்தில் வந்தால் வால்வு சரியாக அமரவில்லை, கூலன்ட் பாதையில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. முதலில் எடுத்துவைத்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் பக்கம் நன்றாகவே சீறியது. உரிமையாளர் தானே குனிந்து கேட்டுவிட்டு, மறுபேச்சில்லாமல் அதை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். அந்த ஒரு செயலுக்காகவே அவருக்கு நல்ல மதிப்பெண் தருவேன்.

காகித விஷயத்தில் சந்தைக்கு அவ்வளவு நல்ல மதிப்பெண் தர முடியவில்லை. எஞ்சின் உறையில் பொறித்த எண் தெளிவாக இருக்க வேண்டும். உளி பட்டோ கிரைண்டர் பட்டோ இருந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அந்த வண்டியின் பதிவு எண்ணைக் கேட்டு எம்பரிவாகன் செயலியில் பார்ப்பதும், திருட்டு வாகனங்களுக்காகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் நடத்தும் இணையத் தேடலில் எஞ்சின் எண்ணைச் சரிபார்ப்பதும் சில நிமிட வேலைதான். பல கடைகளில் துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். எஞ்சின் எண் குறித்த முறையான பில்லும், பழைய உரிமையாளரின் ஆர்.சி. நகலும் வேண்டும் என்று விலை பேசுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பணம் கைமாறிய பின் கேட்டால் "அதெல்லாம் எதுக்கு சார்" என்ற பதில்தான் வரும். பார்சல் அலுவலகத்தில் ஏற்றும்போதும் இந்தப் பில்தான் கேள்விகளுக்கு விடை.

இனி தொகுப்பைப் பற்றி. எஞ்சின் என்று அவர்கள் தருவது வெறும் உலோகக் கட்டி மட்டுமே. அதே வண்டியின் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி), முழு வயரிங், சாவியோடு கூடிய இக்னிஷன் சுவிட்ச், துராட்டில் பாடி, இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், ரெக்டிஃபையர், வண்டி சாய்ந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார், சைடு ஸ்டாண்டு சுவிட்சின் முனை வரை அனைத்தையும் ஒரே பேரத்தில் கேட்டு வாங்க வேண்டும். இவற்றைத் தனித்தனியே பிறகு தேடினால், கூட்டுத்தொகை எஞ்சின் விலையை எட்டிவிடும். மேலும் வெவ்வேறு ஆண்டு மாடல்களின் பாகங்கள் கலந்துவிட்டால் எஞ்சின் ஏன் ஓடவில்லை என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு பருவம் போய்விடும். வயரிங்கை அவசரத்தில் கத்தியால் அறுத்து இறக்கும் பழக்கம் அங்கே பரவலாக இருக்கிறது. கனெக்டர்கள் முழுதாக இருக்கும் வயரிங்குக்கு இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுப்பது நட்டமல்ல. எங்களுக்கு 60,000 ரூபாயில் தொடங்கிய பேச்சு, ரேடியேட்டரும் விசிறியும் உட்பட எல்லாம் சேர்த்து 46,000-இல் முடிந்தது. உத்தரவாதம் என்று பார்த்தால் "செக்கிங் வாரன்ட்டி" மட்டும்தான்: மாட்டிப் பார்த்து ஓடவில்லையென்றால் மாற்றித் தருவார்கள், அதுவும் எஞ்சினைப் பிரிக்காமல் இருந்தால்.

இதற்கு மாற்று, காப்பீட்டு நிறுவனம் முழுச் சேதம் என்று ஒதுக்கிய வண்டியை அப்படியே வாங்கிவிடுவது. பிரிக்க இடமும் நேரமும் இருப்பவருக்கு அதுவே மேல் என்பேன். வயரிங்கை நாமே கவனமாக இறக்கலாம், எஞ்சினை வண்டியிலேயே ஓட்டிப் பார்க்கவும் சில வேளை வாய்ப்புக் கிடைக்கும். ஆனால் பதிவை ரத்து செய்யும் வேலை தொடர்கிறது. பயன்படுத்த இயலாதபடி போன வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. கல்லூரி விடுதியில் இருக்கும் மாணவர்களுக்கு இந்த அலைச்சல் ஒத்துவராது.

வாங்கிய எஞ்சின் எப்படி இருக்கிறது என்று கேட்டால், பட்டறையில் திறந்து பார்த்த வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. வால்வு இடைவெளி சற்று இறுகியிருந்தது, அந்த இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடான ஷிம்மை மாற்றினோம். கிளட்ச் தட்டுகள், ஸ்பார்க் பிளக், எல்லா கேஸ்கெட்டுகளையும் சென்னையில் உதிரி பாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் புதிதாக வாங்கிக்கொண்டோம். இவற்றைப் பழையதாக வாங்குவதில் எந்த அர்த்தமும் இல்லை.

கடைக்காரரிடம் எதிர்பார்க்க முடியாத ஒன்று, பைக் எஞ்சின் காரில் எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவுரை. வளைவில் பைக் சாயும். அதனால் எண்ணெய் எப்போதும் அடித்தொட்டியின் நடுவிலேயே நிற்கும். கார் சாயாது, நீண்ட வளைவில் எண்ணெய் முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கினால், சில நொடிகளில் கிராங்க் தாங்கி போய்விடும். அடித்தொட்டியில் தடுப்புத் தகடுகள் வைக்காமல் தடத்தில் இறக்கவே கூடாது. ரேடியேட்டருக்கும் பைக்கில் கிடைக்கும் நேர்க்காற்று காரில் இல்லை. பக்கவாட்டுக் கூட்டுக்குள் முறையான காற்றுவழி அமைக்க வேண்டும். 46 மி.மீ. துராட்டில் பாடிக்குப் பின்னால் 20 மி.மீ. துளை வந்துவிடுவதால், ஒற்றைச் சிலிண்டர் விட்டுவிட்டு இழுக்கும் காற்றைச் சமன்படுத்தப் போதுமான கொள்ளளவுள்ள காற்றுப்பெட்டியும் தேவை. எஞ்சினுக்குச் செலவழித்த தொகைக்கு ஏறத்தாழச் சமமான தொகை இவற்றுக்கே போகும் என்று இப்போதே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

மொத்தத்தில், பொருளுக்கும் விலைக்கும் ஐந்துக்கு நான்கு, காகிதத்துக்கு இரண்டு தருவேன். கையில் கசிவுச் சோதனை இணைப்பும் வாங்க வேண்டியவற்றின் பட்டியலும் இல்லாதவர், எஞ்சின் திறந்து பழகிய மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டுதான் போக வேண்டும். அணியின் அடுத்த தேவை ஓர் உதிரி எஞ்சின். அதையும் அதே கடையில்தான் கேட்டு வைத்திருக்கிறோம், இம்முறை வயரிங் இல்லாமல்.