கேமரா வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை

நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம், 1956ல் கட்டின வீடு ஒன்றைப் போன வருஷம் வாங்கினோம். வாங்கும் முன்பு சாக்கடைக் குழாய்க்குள் கேமரா விட்டும் பார்த்தோம். பார்த்ததாகத்தான் நினைத்திருந்தோம். இங்கே பழைய வீடு தேடிக்கொண்டிருக்கிற நம்மவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

கையெழுத்தான ஒப்பந்தத்தை வக்கீல் பார்க்க மூன்று வேலை நாள், அப்புறம் இன்ஸ்பெக்ஷனுக்கு எங்கள் ஒப்பந்தத்தில் பத்து நாள். ஹோம் இன்ஸ்பெக்டர் கூரையிலிருந்து ஃபர்னஸ் வரை பார்த்தார். மண்ணுக்கு அடியில் இருப்பது அவர் வேலையில் சேராது; சாக்கடைக் குழாயைத் தனியாகப் பார்த்துவிடுங்கள் என்று ரிப்போர்ட்டிலேயே எழுதிக் கொடுத்தார். அவர் மேல் ஒரு வருத்தமும் இல்லை.

எங்கள் ஏஜென்ட் தமிழர். "நமக்குத் தெரிஞ்ச பிளம்பர் இருக்கார் தம்பி, 150 டாலர்ல முடிச்சுடுவார். நீங்க லீவு போட வேணாம், நானே கூட இருந்து பாத்துக்கறேன்" என்றார். வெளியில் விசாரித்தால் 300 சொன்னார்கள். சரி என்றுவிட்டேன். மறுநாள் ஒரு பக்க ரிப்போர்ட் வந்தது: மெயின் லைனில் (வீட்டிலிருந்து தெருவுக்குப் போகிற சாக்கடைக் குழாய்) அடைப்பு இல்லை, நல்ல நிலை. கூடவே 40 விநாடி வீடியோ. திறந்து பார்த்தேன், குழாயும் தண்ணீரும் தெரிந்தன, மூடிவிட்டேன்.

குடிவந்த நாலாவது மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாஷிங் மெஷின் தண்ணீரைத் தள்ளுகிற நேரம், பேஸ்மென்ட் தரையில் இருக்கும் வடிகால் ஓட்டையிலிருந்து தண்ணீர் கொப்பளித்து வந்தது. "தம்பி, தண்ணி கீழ போகலப்பா, மேல வருது" என்று அம்மா கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தால் சாம்பல் நிறத் தண்ணீர். அதில் கறிவேப்பிலையும் கடுகும் மிதந்தன. காலையில் மேலே கழுவிய சாம்பார்ப் பாத்திரம். கொஞ்ச நேரத்தில் டாய்லெட்டில் போனதும் வந்தது. பக்கத்து அறையில்தான் அம்மா படுத்திருந்தார். கார்ப்பெட், மெத்தை, ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த பெட்டி எல்லாம் பாழ். அன்றைக்கு ராத்திரி அவர் மேலே சோபாவில் சுருண்டு படுத்திருந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இந்த முறை பிளம்பரை நானே தேடிப் பிடித்தேன். கேமரா உள்ளே போகப்போக, எத்தனை அடி போயிருக்கிறது என்று திரையின் மூலையில் எண் ஓடிக்கொண்டே இருந்தது. 26 அடி வரை வார்ப்பிரும்புக் குழாய். வீட்டின் முன்சுவர் அங்கே முடிகிறது. அதைத் தாண்டியதும் குழாய் கறுப்பாக மாறியது, வட்டமாக இல்லை, மிதித்த அட்டைப்பெட்டி மாதிரி நசுங்கியிருந்தது. 38 அடியில் வேர்கள் தலைமுடி போலத் தொங்கின. அதற்கு மேல் கேமரா நகரவில்லை. கேமராத் தலையிலிருந்து வரும் சிக்னலை லொக்கேட்டரில் பிடித்துக்கொண்டு ஒருவர் புல்வெளியில் நடந்து, சரியாக மேப்பிள் மரத்துப் பக்கத்தில் நின்றார்.

அந்தக் கறுப்புக் குழாய்க்கு ஆரஞ்ச்பர்க் என்று பெயர். நியூயார்க் மாநிலத்தில் அந்தப் பெயருள்ள ஊரில் தயாரானது. மரக்கூழைத் தாரில் தோய்த்துச் செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடுகள் வேகமாக எழும்பிய காலத்திலிருந்து 1970களின் தொடக்கம் வரை நிறையப் பதித்திருக்கிறார்கள். மண்ணின் பாரத்தில் காலப்போக்கில் நசுங்கிவிடும். இவ்வளவு நசுங்கின பிறகு உள்ளே லைனிங் (பழைய குழாய்க்குள்ளேயே புது உறை) போடவும் முடியாது, தோண்டி மாற்றத்தான் வேண்டும். எங்களுக்கு ஆன செலவு 13,800 டாலர். பழசாகி வீணான குழாய்க்குச் சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் பணம் தராது. அதற்குப் பாலிசியோடு தனியாக ஒரு கூடுதல் சேர்க்கை வாங்கியிருக்க வேண்டுமாம். நாங்கள் வாங்கவில்லை.

புது பிளம்பர் கேமரா விட்ட அன்றைக்கு ராத்திரி பழைய 40 விநாடி வீடியோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கடைசி எண் 19 அடி. முன்சுவருக்கே 26 அடி வேண்டும். அதாவது அந்தக் கேமரா வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை. பேஸ்மென்ட்டுக்கு அடியில் இருக்கிற நல்ல இரும்பை மட்டும் பார்த்துவிட்டு, மொத்த லைனும் நல்ல நிலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கேட்டதற்கு அந்த முதல் பிளம்பர், ரசீதின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார்: எட்டுகிற பகுதிக்கு மட்டும் பொறுப்பு. ஏஜென்ட், "நீங்கதானே தம்பி ரிப்போர்ட்டை ஒத்துக்கிட்டீங்க" என்றார். அதற்கப்புறம் போனை எடுப்பதில்லை.

வீடு கைமாறுவதில்தான் ஏஜென்ட்டுக்குக் கமிஷன். அவர் காட்டுகிற ஆளை வைத்துக் குழாய் பார்க்காதீர்கள், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி. முடிந்தால் ரிப்பேர் வேலை செய்யாமல் கேமரா மட்டும் விடுகிற ஆளாகப் பாருங்கள். 13,800க்கு வேலை வரும் என்ற ஆசையில் நல்ல குழாயைக் கெட்டது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அரைநாள் லீவு போட்டு நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். கேமரா விடும்போது மேலே குழாயைத் திறந்து தண்ணீர் ஓட விடுங்கள். காலியாகக் கிடக்கிற வீட்டில் எல்லாக் குழாயும் நல்ல குழாயாகத்தான் தெரியும். தண்ணீர் ஒரே இடத்தில் தேங்கி லென்ஸ் முங்கினால் அங்கே குழாய் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தெருவில் ஓடும் பெரிய குழாயில் போய்ச் சேரும் வரை கேமரா போக வேண்டும். சேர்ந்ததும் திரை சட்டென்று அகலமாகத் திறக்கும், பார்த்தாலே தெரியும். அதற்கு முன்னால் நிறுத்தினால் ஏன் நிறுத்தினீர்கள் என்று எழுதி வாங்குங்கள். முழு வீடியோவும் அடி எண்ணோடு உங்கள் கையில் இருக்க வேண்டும். தெருவுக்கு அடியில் போகிற பகுதி யார் பொறுப்பு என்பது ஊருக்கு ஊர் மாறும், டவுன்ஷிப்பில் கேட்டுவிடுங்கள். பத்து நாள் சீக்கிரம் ஓடிவிடும், கையெழுத்தான அன்றைக்கே ஆளை ஏற்பாடு செய்யுங்கள்.

பிளம்பர்களுக்கு உரிமம் கொடுக்கும் மாநில போர்டுக்குப் போன வாரம் புகார் அனுப்பினேன். 19 என்று எண் தெரிகிற அந்தப் படத்தைத்தான் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.