ஆயில் பாத் ஏர் கிளீனரா, டிரை ஃபில்டரா? சிறிய டிராக்டருக்கு எது பொருந்தும்

1,500 சிசி கொள்ளளவுள்ள ஒரு சிறிய டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும்போது, கணக்குப்படி மணிக்கு ஏறக்குறைய 90 கன மீட்டர் காற்றை உறிஞ்சுகிறது. காய்ந்த நிலத்தில் ரோட்டவேட்டர் ஓட்டும்போது அந்தக் காற்று முழுவதும் டிராக்டர் தானே கிளப்பிய புழுதியின் நடுவிலிருந்துதான் வருகிறது. புழுதியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகள் இரும்பைவிடக் கடினமானது என்பதால், உள்ளே புகுந்தால் சிலிண்டரின் உட்சுவரான லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் உரசித் தேய்த்துவிடும். எனவே எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிப்பதில் என்ஜின் ஆயிலுக்கு இணையான இடம் இந்தக் காற்றை வடிகட்டும் ஏர் கிளீனருக்கும் உண்டு. சிறிய டிராக்டர்களில் இது ஆயில் பாத், டிரை டைப் என இரண்டு வகையாக வருகிறது.

ஆயில் பாத் வகையில், நடுக்குழாய் வழியாகக் கீழிறங்கும் காற்று கிண்ணத்தில் உள்ள ஆயிலில் மோதித் திரும்பி மேலேறுகிறது. கனமான தூசி ஆயிலிலேயே தங்கிவிட, மீதித் தூசி, ஆயிலில் நனைந்த கம்பி வலையில் ஒட்டிக்கொள்கிறது. டிரை வகையில் மடிப்பு மடிப்பான காகித எலிமென்ட் தூசியைத் தடுத்து நிறுத்துகிறது. வடிகட்டும் திறனை மட்டும் பார்த்தால் டிரை வகையே மேல். நல்ல காகித எலிமென்ட் 99 சதவீதத்துக்கும் அதிகமான தூசியைப் பிடிக்கும்; ஆயில் பாத் பொதுவாக 95 முதல் 98 சதவீதம் வரைதான் பிடிக்கும், அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போதுதான். வேகம் குறைந்தால் காற்று ஆயிலில் மோதும் விசையும் குறைவதால் திறன் இன்னும் இறங்கும். 100 கிராம் தூசியில் டிரை வகை 1 கிராமுக்கும் குறைவாக உள்ளே விடுகிறது, ஆயில் பாத் 2 முதல் 5 கிராம் வரை விடுகிறது என்று எண்ணிப் பார்த்தால் இந்த வித்தியாசம் சிறியதல்ல என்பது புரியும்.

ஆனால் என் பார்வையில் இந்தச் சதவீதத்தைவிட முக்கியமான கேள்வி, பராமரிப்பு தவறும்போது எது எப்படிக் கெடுகிறது என்பதுதான். காகித எலிமென்ட் தூசியால் நிறைந்தால் காற்று குறைந்து, இழுவை தளர்ந்து, கரும்புகை வரும். பல வண்டிகளில் அடைப்பைக் காட்டும் இண்டிகேட்டரும் சிவப்பாகிவிடும். ஓட்டுபவருக்கு எரிச்சலாக இருந்தாலும், எஞ்சினுக்குள் தூசி போவதில்லை. ஆயில் பாத்திலோ, கிண்ணத்தில் ஆயில் குறைந்தாலும் சேறு படிந்து கெட்டியானாலும் எஞ்சின் பெரும்பாலும் வழக்கம்போலவே ஓடிக்கொண்டிருக்கும். இழுவை குறையாது, புகையும் மாறாது, தூசி மட்டும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். என்ஜின் ஆயில் வேகமாகக் குறைந்து நீலப்புகை தென்படும்போது ரிங் ஏற்கெனவே தேய்ந்திருக்கும்.

ஆகவே ஆயில் பாத் உள்ளவர்கள் புழுதி வேலை நாட்களில் தினமும் கிண்ணத்தைக் கழற்றிப் பார்ப்பதே சரி. கிளிப்பைத் தளர்த்திக் கிண்ணத்தை இறக்கி, அடியில் விரலை விட்டுத் தடவினால் நிலவரம் தெரிந்துவிடும்: வழவழப்பாக இருந்தால் ஓட்டலாம், நறநறவென்று சேறு அகப்பட்டால் ஆயிலைக் கொட்டி, கிண்ணத்தைத் துடைத்து, கம்பி வலையை டீசலில் அலசி, நன்றாக வடியவிட்டு, கையேடு சொல்லும் கிரேடில் புது ஆயிலைக் குறி வரை மட்டும் ஊற்ற வேண்டும். அலசுவதற்குப் பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. குறியைத் தாண்டி ஊற்றுவது குறைவாக ஊற்றுவதைப் போலவே கெடுதல். அதிகப்படியான ஆயிலை எஞ்சின் உறிஞ்சி எரிபொருளாக எரித்தால், டீசலை நிறுத்தினாலும் எஞ்சின் நிற்காமல் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கக்கூடும். செங்குத்தான சரிவில் வண்டி சாய்ந்து ஓடும்போதும் கிண்ணத்து ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும் என்பதால், சரிவு நிலங்களுக்கு இந்த வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிரை ஃபில்டரில் தவறு வேறு திசையில் நடக்கிறது: அளவுக்கு மீறிச் சுத்தம் செய்வதால் கெடுபவையே அதிகம். கம்ப்ரசர் காற்றை முழு அழுத்தத்தில் வெளிப்பக்கத்திலிருந்து அடித்தால் தூசி மடிப்புக்குள் இன்னும் ஆழமாகப் புதையும், காகிதமும் கிழியும். உள்ளிருந்து வெளியே, சுமார் 2 பார் அழுத்தத்துக்குள், சற்றுத் தள்ளிப் பிடித்து ஊதுவதே முறை. தரையில் தட்டினால் விளிம்பு நசுங்கி, ரப்பர் சீல் உட்காராமல் போகும். ஊதியபின் உள்ளே டார்ச் விளக்கை விட்டு இருட்டில் பாருங்கள்; ஊசிமுனையளவு வெளிச்சம் நேராகத் தெரிந்தாலும் அந்த எலிமென்ட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான், ஏனெனில் கிழிந்த காகிதம் கெட்ட ஆயில் பாத்தைவிட மோசம். உள்ளே இரண்டாவதாக இருக்கும் சேஃப்டி எலிமென்ட்டை ஊதவே கூடாது, மாற்ற மட்டுமே வேண்டும். இண்டிகேட்டர் சிவப்பாகும் முன் சும்மா கழற்றுவதையும் தவிர்ப்பது நல்லது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் தூசி சுத்தமான பக்கத்துக்குப் போக வாய்ப்பு இருக்கிறது.

செலவு விஷயத்தில் ஆயில் பாத் முந்துகிறது. அதற்குத் தேவை கொஞ்சம் ஆயிலும் டீசலும்தான், உதிரிபாகம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல எலிமென்ட் எளிதில் கிடைக்காத இடத்தில், மெல்லிய காகிதப் போலியைப் போட்டு ஓட்டுவதைவிட, தினமும் பார்த்துப் பராமரித்த ஆயில் பாத் எஞ்சினைக் காப்பாற்றும்.

புதிதாக வாங்குபவர் ரோட்டவேட்டர், கதிரடிப்பு போன்ற புழுதி மிகுந்த வேலைக்கோ, பலர் மாறி மாறி ஓட்டும் வண்டிக்கோ டிரை வகையையே தேர்ந்தெடுப்பது நல்லது. தன் வண்டியைத் தானே ஓட்டி, காலையில் கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்கும் பழக்கமுள்ளவருக்கு ஆயில் பாத் போதும். இருக்கும் ஆயில் பாத்தைக் கழற்றிவிட்டு டிரை ஃபில்டர் பொருத்த நினைப்பவர்கள், எஞ்சின் இழுக்கும் காற்றின் அளவுக்கு ஏற்ற ஃபில்டரையும் சரியான விட்டமுள்ள குழாயையும் போட வேண்டும். மாற்றியபின் சில மணி நேரம் ஓட்டிவிட்டு, ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ஹோஸைக் கழற்றி உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால், ஃபில்டரைக் குறை சொல்லும் முன் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா, கிளிப் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.