விண்டி செயலி: காற்றில்லாத நாளில் வரும் அலையைப் பார்க்க

விண்டி செயலியைப் பலரும் காற்றுக்கும் மழைக்கும்தான் திறக்கிறார்கள். நான் திறப்பது அதிலுள்ள ஸ்வெல் அடுக்குக்காக, அதாவது தொலைதூரப் புயலிலிருந்து வரும் அலைகளைக் காட்டும் வரைபடத்துக்காக. குளச்சலுக்குப் பக்கத்தில் மணலில் வலை விரித்து நெத்திலி காயவைப்பது எங்கள் தொழில். கடல் இன்று எதுவரை ஏறும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. அந்தக் கேள்விக்கு இவ்வளவு உதவுகிற இலவசச் செயலி வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கம் கள்ளக்கடல் ஏறும். மேகம் இருக்காது, காற்றும் இருக்காது, ஆனால் தண்ணீர் மட்டும் வீட்டு வாசல்வரை வந்துவிட்டுப் போகும். அந்த அலை நம் கடலில் பிறந்ததே இல்லை. செயலியில் வரைபடத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போங்கள். மாலத்தீவு, மொரீஷியஸ் எல்லாம் தாண்டி, 40, 50 பாகைத் தென் அட்சத்தில் சிவப்பும் ஊதாவுமாக ஒரு திட்டு தெரியும். அதுதான் புயல். அடியிலுள்ள நேரப் பட்டையை விரலால் நகர்த்தினால், திட்டு கிழக்கே போய்விடும், அதிலிருந்து கிளம்பிய அலைக்கோடுகள் மட்டும் விசிறியாய் விரிந்து நம் கரையை நோக்கி ஏறி வரும்.

2024 மார்ச் 31 அன்று கேரளக் கரையில் கடல் ஊருக்குள் புகுந்தது நினைவிருக்கும். அதற்குக் காரணமான காற்றழுத்தத் தாழ்வு மார்ச் 23 அன்று தெற்கு அட்லாண்டிக்கில் இருந்து கிளம்பி, 28 வாக்கில் தெற்கு இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. அங்கே அலை 11 மீட்டர்வரை எழும்பியது என்று ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) சொன்னது.

இந்தச் செயலியில் புதிதாகப் பார்ப்பவர்கள் நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. நிறம் காட்டுவது உயரத்தை. நம் கரைக்கு வரும்போது அது ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்று சாதுவாக இருக்கும். விரலை வைத்தால் பக்கத்திலேயே நொடிக்கணக்கு ஒன்று வரும், அதைப் பாருங்கள். ஒரு முகடுக்கும் அடுத்த முகடுக்கும் நடுவே எத்தனை நொடி என்பது அது. 6 நொடி அலைக்கு ஆழ்கடலில் நீளம் 60 மீட்டர்கூட இருக்காது. 20 நொடி அலைக்கு 600 மீட்டருக்கு மேல். அத்தனை நீளத் தண்ணீர் கரையில் உடைந்தால் சட்டென்று திரும்பாது, ஏறிக்கொண்டே இருக்கும். 2024 மே எச்சரிக்கையில் சொன்ன உயரமும் 0.5 முதல் 1.5 மீட்டர்தான். அந்த நாட்களில்தான் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனது. நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

நொடி கூடக் கூட வேகமும் கூடும். 18 நொடி அலைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போகும், 10 நொடி அலை 28தான். ஆகவே ஒரே புயலின் அலைகளில் நீளமானவை முந்திக்கொண்டு வரும், குட்டையானவை சில நாள் கழித்து. 1963இல் வால்டர் மங்க் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும் நியூசிலாந்திலிருந்து அலாஸ்காவரை கருவிகள் வைத்து இதை 10,000 கிலோமீட்டருக்கு மேல் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அண்டார்டிகா பக்கத்துப் புயலின் அலை அலாஸ்காவில் போய் அடித்திருக்கிறது! எனக்கு இதனால் கிடைப்பது மூன்று நாலு நாள் அவகாசம். உயரம் அரை மீட்டரானாலும் நொடி 17, 18 என்று வந்தால், மீனை மேட்டுத் தெருவுக்கு மாற்றிவிடுவோம்.

சரி, குறைகள். விண்டி உலகத்துக்கே பொதுவான கணக்கு. உங்கள் ஊரின் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்பு), மணல் அரித்துப் போன இடம் எதுவும் அதற்குத் தெரியாது. அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தையும் நீங்கள்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேர இடைவெளியில் பார்க்கக் காசு கேட்கிறது. எனக்கு மூன்று மணி நேரக் கணக்கே போதும்.

இன்காய்ஸ் எச்சரிக்கைக்கு மாற்றாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள். 2020 முதல் அவர்கள் கள்ளக்கடலுக்கென்றே முன்னறிவிப்பு தருகிறார்கள், எந்தக் கரை, எந்த மணி முதல் எந்த மணி வரை என்பது அதில்தான் இருக்கும். விண்டியில் நாள் தெரிந்ததும் அதைத் தேடிப் பார்ப்பேன்.

ஐந்துக்கு நாலு. கடலோரத்தில் கடை, படகு, வீடு எது வைத்திருந்தாலும் மாசி முடிவதற்குள் செயலியை இறக்கிப் பழகிவிடுங்கள்.