மாடி ஏறிப் பார்ப்பவரா, மேஜையில் கையெழுத்து கேட்பவரா? சோலார் வெந்நீர் வாங்கும் வழிகள்: ஓர் அலசல்

ஐப்பசி மழை தொடங்கியதும் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துக் குடியிருப்புகளில் சோலார் வாட்டர் ஹீட்டர் விற்பவர்கள் வாசலுக்கு வரத் தொடங்கிவிடுகிறார்கள். காலையில் குளிர்ந்த தண்ணீரில் குளிக்கத் தயங்கும் பருவம் அது. விற்பதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. சாதனத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. வெயிலில் வெந்நீர் வைப்பதைப் போல எளிய, சிக்கனமான தொழில்நுட்பம் வேறு எதுவும் நம் மாடியில் ஏறியதில்லை. குறை, அது விற்கப்படும் விதத்தில்தான். அவசரப்படுத்தி விற்ற சாதனம் பெரும்பாலும் அந்த வீட்டுக்குப் பொருந்தாத அளவில், பொருந்தாத வகையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு வருடம் கழித்து அந்தத் தெருவே “சோலார் எல்லாம் வீண்” என்று முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

எனவே சோலார் வெந்நீர் சாதனத்தின் இரண்டு வகைகளான டியூபையும் பிளேட்டையும் ஒப்பிடுவதற்கு முன்னால், விற்பவர்களை ஒப்பிட வேண்டும். அதற்கும் முன்னால் நம் கையில் நம் வீட்டுக் கணக்கு இருக்க வேண்டும்.

கணக்கு யாருடையது?

விற்பனைப் பிரதிநிதி வைத்திருக்கும் கணக்கு இது: 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரம் வேண்டும். 365 நாளுக்குப் பெருக்கினால் 1,460 யூனிட். “வருடத்துக்கு 1,500 யூனிட் மிச்சம் சார்” என்கிறார். பெருக்கலில் பிழையில்லை. ஆனால் சித்திரை, வைகாசி உட்பட ஆண்டு முழுவதும் ஒரு நாள் விடாமல், 60 டிகிரி சூட்டில் முழு 100 லிட்டரையும் நீங்கள் செலவழிப்பதாக அது எண்ணிக்கொள்கிறது.

வீட்டுக் கணக்கு வேறு. ஒருவருக்கு 20 லிட்டர் வாளி ஒன்று. தொட்டித் தண்ணீர் 27 டிகிரி, குளிக்க வேண்டியது 40 டிகிரி. ஒரு வாளிக்கு 0.3 யூனிட். நான்கு பேருக்கு 1.2, குழாயிலும் டேங்கிலும் வீணாகும் சூட்டைச் சேர்த்தால் ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம். சென்னையில் ஐந்து மாதம் வெந்நீர் பயன்படுத்தும் குடும்பத்துக்கு 150 நாளில் 225 யூனிட். அவ்வளவுதான். ஊட்டியில் தொட்டித் தண்ணீர் 15 டிகிரியாக இருந்தால் ஒரு வாளிக்கு 0.58 யூனிட் ஆகும். ஆண்டு முழுவதும் நான்கு பேர் குளித்தால், வீணாவதைச் சேர்க்காமலே 850 யூனிட்டை நெருங்கும். ஒரே சாதனம், இரண்டு ஊர், மிச்சத்தில் நான்கு மடங்குக்கு நெருக்கமான வித்தியாசம். இதைச் சொல்லாமல் “மூன்று வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்” என்று எல்லா வாசலிலும் ஒரே வாக்கியத்தைச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

மின்கட்டண அட்டையையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடுகிறது. மழைக்காலத்தில் 540 யூனிட் வரும் வீட்டில் கீசரை நிறுத்தி 90 யூனிட் குறைத்தால், குறைவது அந்த 90 யூனிட்டின் விலை மட்டும் அல்ல. மீதி யூனிட்டுகளின் விலையும் இறங்குகிறது. 180 யூனிட் வரும் வீட்டுக்கு இந்த லாபம் இல்லை. நல்ல விற்பனையாளர் இந்த அட்டையைத் தானே கேட்டு வாங்கிப் பார்ப்பார்.

இரண்டு விற்பனையாளர்கள்

முதலாமவர் ஹாலில் உட்காருகிறார். பையிலிருந்து வண்ணத் தாள்களை எடுக்கிறார். மின்கட்டணம் இன்னும் எவ்வளவு ஏறப்போகிறது என்று பயமுறுத்துகிறார். விலையை முதலில் உயர்த்திச் சொல்லி, பிறகு மேலாளருக்குப் போன் போட்டு உங்கள் எதிரிலேயே குறைக்கிறார். “உங்கள் தெருவில் ஒரு மாதிரி வீடு வேண்டும், அதனால் உங்களுக்கு மட்டும் இந்த விலை, இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும்.” ஐந்நூறு ரூபாயாவது முன்பணம் கொடுத்துவிடச் சொல்கிறார். ஐந்நூறு கொடுத்தவருக்கு மறுநாள் பின்வாங்க மனம் வராது என்பது அவருக்குத் தெரியும். வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் பகல் பொழுதில் வந்து, “அம்மா, ஒரு கையெழுத்து மட்டும்” என்று கேட்பதும் நடக்கிறது. இதை விற்பனைத் திறமை என்று யாராவது பாராட்டினால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இரண்டாமவர் முதலில் மாடிக்கு வழி கேட்கிறார். ஓவர்ஹெட் டேங்கின் உயரத்தைப் பார்க்கிறார். சோலார் டேங்க் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்தால்தான் தண்ணீர் தானாக இறங்கி நிரம்பும். தொட்டி தாழ்வாக இருந்தால் அதற்கு ஸ்டாண்டு கட்ட வேண்டும், அல்லது பம்பு வைக்க வேண்டும். தெற்குப் பக்கம் தென்னையோ பக்கத்து வீட்டுச் சுவரோ நிழல் போடுகிறதா என்று பார்க்கிறார். குளியலறை எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று அளக்கிறார். முக்கால் அங்குலக் குழாய் 20 மீட்டர் ஓடினால் அதற்குள்ளேயே ஏறக்குறைய 5 லிட்டர் தண்ணீர் நிற்கும். காலையில் அது வடிந்த பிறகுதான் சூடு வரும். போர் தண்ணீரா, ஆற்றுத் தண்ணீரா என்று கேட்டு, ஒரு பாட்டிலில் பிடித்துப் போகிறார். இரண்டு நாள் கழித்துக் கொட்டேஷன் அனுப்புகிறார். அதில் ஸ்டாண்டு, குழாய், வால்வு, கூலி எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன.

இரண்டாமவரின் மொத்தம் பெரும்பாலும் முதலாமவர் சொன்ன விலையைவிடக் கூடுதலாகத் தெரியும். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். முதலாமவரின் விலையில் பிளம்பிங் சேரவில்லை. சாதனம் வந்து இறங்கிய பிறகு “குழாய் வேலை உங்களுடையது” என்கிறார்கள். பழைய வீடாக இருந்தால், வெந்நீருக்குத் தனிக் குழாய் இழுத்து, குளியலறைச் சுவரை உடைத்து, டைல்ஸ் ஒட்டி முடிப்பதற்குள் அந்த “இன்றைக்கு மட்டும்” சலுகை முழுவதும் கரைந்துவிடும்.

அரசு மானியம் என்ற தூண்டில்

இப்போது அதிகம் புழங்கும் பொய் இதுதான். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டம், கூரையில் மின்சாரம் தயாரிக்கும் சோலார் பலகைகளுக்கானது: 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000. வெந்நீர் சாதனத்துக்கு அதில் மானியம் கிடையாது. வெந்நீர் சாதனங்களுக்கு மத்திய அரசு முன்பு கொடுத்துவந்த மானியம் 2014-லேயே நின்றுபோனது. “சோலார் மானியம்” என்ற ஒரே பெயரில் இரண்டையும் குழப்பி, “மானியம் கழித்துத்தான் இந்த விலை, ஒதுக்கீடு முடியப் போகிறது” என்று அவசரப்படுத்துவது எளிது. மின்சாரப் பலகைக்கான மானியமும் நீங்கள் தேசிய இணையதளத்தில் விண்ணப்பித்து, பொருத்தி முடித்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருவது. வாசலில் நிற்பவர் தன் கையால் கழித்துத் தருவது அல்ல. கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டி “கணக்கெடுப்பு” என்று தொடங்குபவரிடம் மின்கட்டண அட்டையைக்கூடக் கொடுக்காதீர்கள்.

டியூபா, பிளேட்டா?

டியூப் வகையில் இரட்டைக் கண்ணாடிக் குழாய்கள். இடையே வெற்றிடம், உள்ளே தண்ணீர். பிளேட் வகையில் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கருப்புப் பூச்சுப் பூசிய செம்புக் குழாய்கள். டியூப் விலை குறைவு. பிளேட் விலை கூடுதல், ஆனால் நன்றாக வைத்துக்கொண்டால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும்.

டியூப் விற்பவர் “வெயிலே இல்லாவிட்டாலும் சுடும்” என்பார். குளிரிலும் காற்றிலும் வெற்றிடம் சூட்டைக் காக்கும் என்பது உண்மை. உதகை, கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களில் அது பெரிய நன்மை. உறைபனி விழும் மார்கழி, தை இரவுகளில் சாதாரண பிளேட்டின் செம்புக் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடிக்கும் ஆபத்தும் உண்டு. ஆனால் மதுரையிலும் திருச்சியிலும் இந்த நன்மைக்கு வேலை இல்லை. அங்கே கோடையில் டியூப் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டிக் கொதிநிலையை நெருங்கும். தண்ணீர் எவ்வளவு சுடுகிறதோ அவ்வளவு வேகமாக உப்பு படியும். குழந்தைகள் குழாயைத் திறந்தால் தோல் வெந்துபோகும். எனவே “இன்று பதிவு செய்தால் இரண்டு டியூப் கூடுதலாக இலவசம்” என்பது சமவெளி ஊர்களில் பரிசே அல்ல.

பிளேட் விற்பவர் “உடையாது, ஆயுசுக்கும் கவலையில்லை” என்பார். போர் தண்ணீர் வீட்டில் அது பாதி உண்மைதான். மெல்லிய செம்புக் குழாயில் உப்பு அடைத்தால் சுத்தம் செய்வது சிரமம். அங்கே பிளேட் வேண்டுமென்றால் நல்ல தண்ணீர் தனியாகச் சுற்றிவரும் வெப்பப் பரிமாற்றி உள்ள அமைப்பைக் கேட்க வேண்டும். டியூபைக் கழற்றிக் கழுவிவிடலாம். அதே சமயம், தொட்டி காலியாகி டியூப் வெயிலில் காய்ந்து கிடக்கும்போது மோட்டார் போட்டால், குளிர்ந்த தண்ணீர் பட்ட நொடியில் கண்ணாடி விரிசல் விடும். தண்ணீர் தட்டுப்பாடு உள்ள தெருக்களில் டியூப் அடிக்கடி உடைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குரங்கு நடமாட்டம் உள்ள ஊர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

என் தேர்வு: மலை ஊருக்கும் கடினத் தண்ணீருக்கும் டியூப். ஆற்றுத் தண்ணீர் வரும் சமவெளி வீட்டுக்கு, கையில் பணம் இருந்தால், பிளேட். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளில் நான் யோசிக்காமல் பிளேட்டைத்தான் சொல்வேன்.

லிட்டர் கணக்கிலும் கவனம் வேண்டும். 58 மில்லிமீட்டர் டியூப் ஒவ்வொன்றும் இரண்டரை லிட்டருக்கு மேல் பிடிக்கும். பதினைந்து டியூப் என்றால் நாற்பது லிட்டர் அளவுக்கு. டியூபில் நிற்கும் தண்ணீர் குழாய்க்கு வராது. “200 லிட்டர்” என்றால் டேங்கில் மட்டும் எவ்வளவு என்று கேளுங்கள். பிளேட் என்றால் 100 லிட்டருக்கு 2 சதுர மீட்டர் பலகை இருக்க வேண்டும். தரச்சான்றாக பிளேட்டுக்கு ஐ.எஸ். 12933, டியூப் அமைப்புக்கு ஐ.எஸ். 16544 என்ற எண்களைச் சாதனத்தின் மேலேயே பார்க்கலாம்.

டேங்க் பற்றி ஒரு வார்த்தை. “ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சார், துருவே பிடிக்காது” என்பதை உப்புத் தண்ணீர் ஊரில் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். குளோரைடு அதிகமான தண்ணீரில் வெல்டிங் ஓரங்களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் பொத்துக்கொள்ளும். உள்ளே கண்ணாடிப் பூச்சும், டேங்குக்குப் பதிலாகத் தான் அரிந்து கரையும் மக்னீசியக் கம்பியும் உள்ள டேங்க் அங்கே பொருத்தம். அந்தக் கம்பியை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்பதையும் வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வாரண்டி அட்டையின் சிறிய எழுத்தில் கடினத் தண்ணீரால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அந்த “ஐந்து வருட வாரண்டி” போர் தண்ணீர் வீட்டுக்கு ஏறக்குறைய இல்லாததுதான்.

வேண்டாம் என்பதும் ஒரு தேர்வு

சென்னையில் இரண்டு பேர் மட்டும் வாழும் வீட்டுக்கு நல்ல நட்சத்திரக் குறியீடுள்ள சிறிய மின் கீசரே போதும். சோலார் விற்பவர் யாரும் இதைச் சொல்லமாட்டார். காற்றில் உள்ள சூட்டை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் வெப்பப் பம்புக்கு, கீசருக்கு ஆகும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே போதும். விலை அதிகம், விடுதிகளுக்குச் சரி. கூரையில் மின்பலகை வைக்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம். தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் பலகை நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தருகிறது. வெந்நீர் வேண்டாத மாதங்களிலும் அந்த மின்சாரம் வீட்டுக்குப் பயன்படும். சமவெளியில் வெந்நீர் சாதனத்துக்கு இன்றைய உண்மையான போட்டி இதுதான் என்று நினைக்கிறேன். ஆண்டு முழுவதும் வெந்நீர் வேண்டிய வீட்டில், சிறிய மாடியில், வெந்நீர் சாதனமே இன்னும் முந்துகிறது.

யாரிடம் வாங்குவது?

பொருட்காட்சி ஸ்டாலில் பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம், வாங்கக் கூடாது. உங்கள் மாடியை அங்கே யாரும் பார்த்ததில்லை. இணையத்தில் விலை தெரிந்துகொள்ளலாம், பொருத்தும் ஆள் யாரென்று தெரியாமல் வாங்குவது வம்பு. வாசலுக்கு வருபவரிடம் எதுவும் அன்றே முடிக்க வேண்டாம். உள்ளூரில் கடை வைத்து, தானே பழுது பார்க்கும் டீலர்தான் என் முதல் தேர்வு. அவர் நான்கைந்து வருடம் முன்பு பொருத்திய இரண்டு வீடுகளைக் காட்டச் சொல்லுங்கள். புதிதாகப் பொருத்திய வீட்டில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

வாசலில் நிற்பவருக்குச் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: “எழுதிக் கொடுங்கள், பத்து நாள் கழித்துச் சொல்கிறேன்.” பத்து நாள் நிற்காத விலை உண்மையான விலை அல்ல. வாய்ப்பேச்சில் சொல்லும் வாக்குறுதிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தவணையில் “வட்டி இல்லை” என்றால், ரொக்கத்துக்கு என்ன விலை, நடைமுறைக் கட்டணம் எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காமல், வெந்நீர் குழாயில் வந்த பிறகு தரும்படி ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள்.

பிரிட்டனில் வீட்டில் வைத்துப் போட்ட விற்பனை ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை பொதுவாக உண்டு. இங்கே அப்படி ஒன்றை நம்பிக் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கையில் இருக்கிறது: ரசீது தர மறுப்பதும், பழுதான பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஜி.எஸ்.டி. எண் உள்ள ரசீது, கொட்டேஷன், வாரண்டி அட்டை, அந்த வாட்ஸ்அப் செய்திகள் ஆகிய நான்கும் இருந்தால் வக்கீல் இல்லாமலே மனுவை நீங்களே எழுதிக் கொடுக்கலாம்.